பரிசுக்குப் பம்பரம் கடைவது: சுழற்றிப் பார்த்த பிறகுதான் வண்ணம்

கேள்வி இது: வாசகர் ஒருவர் சின்ன மேசை லேத் (மரத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) ஒன்று வாங்கியிருக்கிறார். குடும்ப விழாவுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாக இருபது மரப் பம்பரங்கள் தன் கையால் கடைந்து கொடுக்க ஆசை. இதுவரை செய்த மூன்றும் தலையாட்டிக்கொண்டே விழுந்துவிட்டன. வண்ணம் தீட்டினால் மை மரத்துக்குள் ஊறிக் கலங்குகிறது. என்ன மரம், என்ன அளவு, எந்தப் பூச்சு, குழந்தை வாயில் வைத்தால் பரவாயில்லையா என்று கேட்கிறார்.

தலையாட்டமும் மை ஊறுவதும் வெவ்வேறு சிக்கல்களாகத் தோன்றலாம். பல வருடங்களாகக் கடைந்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன், இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: பம்பரத்தை நாம் அலமாரியில் வைக்கும் பொம்மையாக நினைத்துச் செய்கிறோம். வடிவம் கண்ணுக்கு அழகாக இருக்கிறதா என்று பார்க்கிறோம், கோலம் நின்ற நிலையில் அழகாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். சுழலும்போது அந்த வடிவம் என்ன செய்கிறது, அந்தக் கோலம் என்னவாக மாறுகிறது என்பதைக் கடைசியில்தான் பார்க்கிறோம். அந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இங்கே நான் சொல்வது விரலால் தண்டைச் சுண்டிச் சுழற்றும் பம்பரம். சாட்டை சுற்றி விடும் ஆணிப் பம்பரம் வேறு வகை. அதைப் பற்றிப் பின்னால் நாலு வரி சொல்கிறேன்.

முதலில் அளவு. தட்டின், அதாவது பம்பரத்தின் அகன்ற உடலின், விட்டம் 45 மில்லிமீட்டர், தட்டின் தடிமன் 10 முதல் 12, முனையிலிருந்து தண்டின் நுனி வரை மொத்த உயரம் 50. இதை வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். புதிதாகக் கடைபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, பம்பரத்தை உயரமாகச் செய்வது. கோபுரம் மாதிரி எழும்பி நிற்கும். பார்க்க லட்சணமாக இருக்கும். விட்டால் மூன்றாவது விநாடியே தலையாட்டத் தொடங்கும். பம்பரத்தின் எடை மேசையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அது நிமிர்ந்து நிற்க அவ்வளவு வேகம் வேண்டும். எடை தாழ்ந்து இருந்தால் வேகம் குறைந்த பிறகும் நின்று சுழலும். ஆனால் ஒரேயடியாகத் தாழ்த்தவும் கூடாது. 45 மில்லிமீட்டர் தட்டின் விளிம்பு மேசையிலிருந்து 8 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் பம்பரம் ஏறக்குறைய 20 பாகை சாயலாம். பெரியவர்களுக்கு இது போதும். ஐந்து வயதுப் பிள்ளை நேராக விடாது, சாய்த்துத்தான் விடும். அதற்கு 10 மில்லிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்து இறங்கிய பம்பரம் தானாகவே நிமிர்ந்து எழுவதைப் பார்ப்பதில்தான் பாதி சந்தோஷம் இருக்கிறது.

எடை விளிம்பில் இருக்க வேண்டும். ஒரே எடையுள்ள தட்டையும் வளையத்தையும் எடுத்துக்கொண்டால், எடை முழுவதும் விளிம்பில் இருக்கும் வளையத்துக்குச் சுழற்சியைக் காக்கும் திறன் தட்டைப் போல இரண்டு மடங்கு. ஆகவே தண்டைச் சுற்றி மேல்புறத்தைச் சற்றுக் குழித்துவிட்டு விளிம்பைக் கனமாக விடுங்கள். விட்டத்துக்கு உள்ள பலம் இன்னும் பெரிது: தடிமன் மாறாமல் விட்டத்தை 40-லிருந்து 50 ஆக்கினால் அந்தத் திறன் கிட்டத்தட்ட இரண்டரை மடங்காகிறது. அப்படியானால் 80 மில்லிமீட்டருக்குச் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். செய்யலாம், விரலால் அதைக் கிளப்பத்தான் முடியாது.

தண்டின் பருமனை யாரும் கவனிப்பதில்லை. தண்டு 5 மில்லிமீட்டர் விட்டம் என்றால் சுற்றளவு 16-க்குச் சற்றுக் குறைவு. விரல் 30 மில்லிமீட்டர் உரசிப் போனால் பம்பரம் ஏறக்குறைய இரண்டு சுற்று சுற்றிவிடும். தண்டு 10 மில்லிமீட்டர் என்றால் அதே விரல் வீச்சுக்கு ஒரே ஒரு சுற்றுதான். மெல்லிய தண்டு வேகம் தரும். பருத்த தண்டு கனமான தட்டை அசைக்கும் பிடி தரும். பெரியவர் விரலுக்கு 4 அல்லது 5, குழந்தை விரலுக்கு 6 அல்லது 7. சின்னக் கைக்கு மெல்லிய தண்டுதான் வசதி என்று நானும் நினைத்திருந்தேன். குழந்தைகளுக்கு அதைப் பிடித்து உருட்டவே வரவில்லை. தண்டின் நுனியில் ஒன்றிரண்டு மெல்லிய வரிகள் வெட்டிவிட்டால் வழுக்காது. அந்த இடத்தில் மட்டும் பளபளப்புப் பூச்சு வேண்டாம்.

மரம் நெருக்கமான இழையுள்ளதாக, நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். மேப்பிள், பீச், வெட்பாலை, பழமரங்களில் பேரி, எதுவும் சரி. தேக்கு எண்ணெய்ப்பசை உள்ளது, துளைகள் பெரியவை. கடைய இதமாக இருக்கும், ஆனால் மெல்லிய வண்ணக் கோடு அதில் நிற்காது. கருங்காலி, ஈட்டி போன்ற கனத்த மரங்கள் சுழற்சிக்கு அருமை. அவற்றுக்கு வண்ணமே தேவையில்லை, மெழுகு போதும். அந்த மரங்களின் தூள் சிலருக்குத் தும்மலும் தோல் அரிப்பும் தரும், முகமூடி இல்லாமல் தொடாதீர்கள்.

உங்கள் மூன்று பம்பரமும் தலையாட்டியதற்கு என் சந்தேகம் மரத்துண்டின் மேல்தான். ஒரே துண்டில் ஒரு பக்கம் வைரமும் (மரத்தின் உள்பகுதி) மறுபக்கம் வெள்ளையும் (வெளிப்பகுதி) இருந்தால் அடர்த்தி இரண்டு பக்கமும் ஒன்றாக இராது. எவ்வளவு வட்டமாகக் கடைந்தாலும் எடை ஒருபக்கம் ஒதுங்கியே இருக்கும். பக்கவாட்டில் ஒரு முடிச்சு இருந்தாலும் இதே கதைதான். ஈரம் காயாத மரம் கடைந்த பிறகு சுருங்கும். வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் வட்டம் முட்டை வடிவம் ஆகிவிடும். வேடிக்கை என்னவென்றால், ஒழுங்கான முட்டை வடிவம் அவ்வளவாகக் கெடுதல் செய்யாது. இரண்டு பக்கமும் சமமாகத்தானே சுருங்குகிறது. தண்டு வளைந்துபோவதும், எடை ஒருபக்கம் சேர்வதும்தான் பம்பரத்தைக் கெடுப்பவை.

இழையின் திசை முக்கியம். மரத்தின் இழை தண்டு வழியாக மேலிருந்து கீழாக ஓட வேண்டும். பலகையிலிருந்து வட்டமாக அறுத்த துண்டில் இழை குறுக்கே ஓடும். அதில் கடைந்த 5 மில்லிமீட்டர் தண்டு முதல் நாளே ஒடிந்துவிடும். பலகைத் துண்டுதான் இருக்கிறது என்றால் தட்டைத் தனியாகக் கடைந்து, நடுவில் துளையிட்டு, நேர் இழையுள்ள குச்சியைத் தண்டும் முனையுமாகச் செருகி ஒட்டுங்கள். இரண்டு நிற மரங்களில் செய்தால் அதுவே அலங்காரம்.

இனி கடைவது. 50 மில்லிமீட்டர் சதுரம், 90 நீளமுள்ள துண்டு; ஒரு முனையைச் சக்கில் (லேத்தில் துண்டைக் கவ்விச் சுழற்றும் பகுதி) பிடிக்க 25 மில்லிமீட்டர் போய்விடும். உருளையாக்குங்கள். மேசை லேத்தில் இந்த அளவுக்கு நிமிடத்துக்கு 1500 முதல் 2000 சுற்று சரியாக இருக்கும். தண்டு டெயில் ஸ்டாக் (துண்டின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) பக்கம் வரட்டும், முனை சக் பக்கம். முதலில் தண்டு, பிறகு தட்டின் மேல்முகம், பிறகு அலங்காரம், கடைசியில் அடிப்பக்கச் சரிவு. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. தண்டை இழைக்கும்போது அடியில் முழு மரமும் தாங்குகிறது, அதிராது. அடிப்பக்கத்தை முதலில் மெலிதாக்கிவிட்டுத் தண்டுக்கு வந்தால் துண்டு முழுவதும் ஆடும், உளி கொத்தும். தண்டு மெலிந்ததும் டெயில் ஸ்டாக்கை விலக்கிவிடுங்கள். அதன் அழுத்தமே மெல்லிய தண்டை வளைத்துவிடும்.

முனையைத் துண்டிக்கும் அந்தக் கடைசி வெட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், பம்பரத்தின் ஆயுள் அங்கேதான் இருக்கிறது. அடிச்சரிவு முடிந்து முனை 4 மில்லிமீட்டர் பருமனில் சக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இடது கை விரல்கள் தட்டைத் தொட்டும் தொடாமலும் குடைபோல் சூழ்ந்திருக்க வேண்டும். ஸ்கியூ உளியை (வாய் சாய்வாக இருக்கும் உளி) அப்போதுதான் தீட்டியிருக்க வேண்டும். உளியின் நீண்ட நுனியைக் கீழே வைத்து, முனையின் வளைவைத் தொடர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினால், கடைசி இழை அறும்போது சின்னதாக ஒரு ‘டிக்’ கேட்கும். பம்பரம் உங்கள் உள்ளங்கையில் சூடாக விழுந்து இன்னும் கால் சுற்று சுற்றும். முனையில் தொப்புள் மாதிரி எதுவும் ஒட்டியிருக்காது. உளி மழுங்கியிருந்தால் இழை பிய்ந்து வரும். முனையின் நடுவில் குழி விழும். அந்தக் குழியை உப்புத்தாளால் தேய்த்து மறைக்கப் போனால் முனை மையத்தை விட்டு ஒதுங்கும். பம்பரம் மேசையில் வட்டமடித்து அலையும். உங்கள் மூன்றில் ஒன்றாவது இப்படித்தான் கெட்டிருக்கும்.

முனை ஊசியாக இருக்கக் கூடாது, உருண்டையாகவும் இருக்கக் கூடாது. 1.5 முதல் 2 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவு போதும். கூர்மையானது கண்ணாடி மேல் நெடுநேரம் சுழலும். மரமேசையில் குத்திக் குழி போடும், வீட்டுக்காரர் உங்களைத்தான் திட்டுவார். மழுங்கியது சாய்விலிருந்து சீக்கிரம் நிமிரும். உராய்வு அதிகம் என்பதால் சீக்கிரம் நிற்கும். சின்னப் பிள்ளைகளுக்கு மழுங்கல் நல்லது.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லிவிட்டுப் போகிறேன். முழுக்கைச் சட்டை, தொங்கும் கயிறு, மோதிரம், அவிழ்ந்த கூந்தல் எதுவும் லேத் பக்கம் வரக் கூடாது. முகத்தடுப்பு இல்லாமல் சுவிட்சைத் தொடக் கூடாது. உப்புத்தாள் போடும்போது உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டை எடுத்துவிடுங்கள்.

லேத்திலிருந்து வந்த பம்பரத்தை வண்ணமில்லாமல் அப்படியே சுழற்றிப் பாருங்கள். கண்ணாடித் துண்டின் மேல் பத்துத் தடவை. ஒவ்வொரு தடவையும் எத்தனை விநாடி என்று குறித்து வையுங்கள். 45 மில்லிமீட்டர் பம்பரம் அரை நிமிடம் கூட நிற்கவில்லை என்றால் அதற்கு வண்ணம் தீட்டுவது வீண் வேலை. தலையாட்டம் லேசாக இருந்தால் திருத்தலாம்: பட்டாணி அளவுக்குப் பாதி மெழுகை விளிம்பின் அடியில் ஓரிடத்தில் ஒட்டிச் சுழற்றுங்கள். ஆட்டம் கூடுகிறதா, குறைகிறதா? இடத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால், எந்த இடத்தில் மெழுகு வைத்தால் ஆட்டம் அடங்குகிறதோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் கனம் அதிகம். அந்தக் கனத்த பக்கத்தில் அடியில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று மேலோட்டமாகப் போட்டுவிட்டு மெழுகை எடுத்துவிடுங்கள். ஆட்டம் தீராவிட்டால் துளையைக் கொஞ்சம் ஆழப்படுத்துங்கள்.

இனி வண்ணம். மை ஊறுவதற்குக் காரணம் எளிது. நீங்கள் தீட்டும் மேல்முகம், இழையின் வெட்டு முனை. மரத்தின் குழாய்கள் எல்லாம் அங்கே வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன; எந்த மையையும் உறிஞ்சும். முதலில் அந்த வாயை அடைக்க வேண்டும். 400-ம் நம்பர் உப்புத்தாள் வரை போட்டபின் மெல்லிய ஷெல்லாக்கோ (ஆல்கஹாலில் கரைத்த அரக்கு) சீலரோ (துளையடைக்கும் பூச்சு) இரண்டு தடவை பூசிக் காயவிட்டு, லேசாகத் தேய்த்துவிட்டு, அதன் மேல் வண்ணம்.

இந்த வரிசையில் ஒரு கண்ணி இருக்கிறது, நான் மாட்டிக்கொண்ட கண்ணி. ஒரு விழாவுக்காகப் பன்னிரண்டு பம்பரங்கள். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று வளையம் வளையமாக ஸ்பிரிட் மார்க்கரால் தீட்டி முடித்திருந்தேன். கோடுகள் கத்தியால் கீறியது போல இருந்தன. மறுநாள் காலை கொடுக்க வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு, இன்னும் கொஞ்சம் பளபளப்பு வரட்டுமே என்று துணியில் ஷெல்லாக்கைத் தொட்டுச் சுழலும் பம்பரத்தில் வைத்தேன். ஒரே விநாடி. நான்கு வண்ணமும் துணியில் ஏறி, துணியிலிருந்து திரும்பி மரத்தில் இறங்கி, பம்பரம் முழுக்க ஊதாவும் பழுப்புமான சேற்று நிறம். ஷெல்லாக் கரைவது ஆல்கஹாலில், அந்த மார்க்கர் மையும் கரைவது ஆல்கஹாலில். இரண்டும் சேர்ந்தால் வேறென்ன ஆகும்? முதல் பம்பரத்திலேயே நிறுத்தியிருக்கலாம். துணியில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டாவதையும் கெடுத்தேன். ஆகவே, ஸ்பிரிட் மார்க்கர் போட்டால் மேலே பூசுவது நீர் சார்ந்த பூச்சாக இருக்கட்டும். அதையும் துணியால் தேய்க்காமல் தூரத்தில் இருந்து மெல்லிய ஸ்ப்ரேயாக மூன்று நான்கு தடவை அடியுங்கள். நீர் சார்ந்த அக்ரிலிக் வண்ணம் போட்டு ஒருநாள் காயவிட்டால் அதன் மேல் ஷெல்லாக் மெல்லப் பூசலாம். எதுவானாலும் முதலில் ஒரு கழிவுத்துண்டில் செய்து பாருங்கள்.

வண்ணம் இல்லாத அலங்காரமும் உண்டு. ஸ்கியூ நுனியால் மெல்லிய பள்ளம் ஒன்று கீறி, அதில் எஃகுக் கம்பியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் மரம் கருகிக் கறுப்பு வரி விழும். கம்பியின் இரண்டு முனையிலும் மரக்குச்சி கட்டிப் பிடியுங்கள். விரலில் சுற்றிக்கொண்டால் விரல் போய்விடும். இன்னொன்று, மெல்லிய எஃகுத் தகட்டு உளியை வெட்டுமுகத்தில் தொட்டு அதிரவிடுவது. தகடு தானாகத் துடித்துத் துடித்து, சூரியகாந்திப் பூவின் நடுவைப் போல வளைந்த கொத்துக் கோலம் ஒன்றை நொடியில் போட்டுவிடும். கனத்த மரத்தில் மட்டும்தான் இது துலங்கும். மெது மரத்தில் பிய்ந்த பஞ்சு போல இருக்கும். அரக்குக் குச்சி முறை பழைய முறை, எனக்கு மிகவும் பிடித்த முறை. வண்ணம் சேர்த்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தினால் உராய்வுச் சூட்டில் உருகி ஒட்டும். துணியை வைத்து அழுத்தித் தேய்த்தால் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். தூரிகை இல்லை, காயவிடும் நேரம் இல்லை.

எந்தக் கோலம் போடுவது என்பதில்தான் ஆரம்பத்தில் சொன்ன விஷயம் முழுமையாகப் பொருந்துகிறது. மையத்தைச் சுற்றிய வளையங்கள் நின்றாலும் சுழன்றாலும் ஒன்றுபோலவே தெரியும். லேத்தில் போட எளிது, அதனால் எல்லோரும் அதையே போடுகிறார்கள். குழந்தைக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள், சுழலும்போது அது வளையமாகிவிடும். மையத்திலிருந்து விளிம்புக்குச் சுருளாக ஒரு கோடு போட்டால், வேகம் குறையும்போது அது உள்ளே இழுப்பது போலவோ வெளியே விரிவது போலவோ தோன்றும். எது தோன்றும் என்பது எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதைப் பொறுத்தது. வலக்கைக்காரர்கள் பெரும்பாலும் கடிகார முள் போகும் திசையில் சுண்டுவார்கள். இடக்கைப் பிள்ளைக்கு அதே பம்பரம் தலைகீழாக வேலை செய்யும். உங்கள் இருபது பேரில் யார் இடக்கை என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

தட்டைத் துண்டு துண்டாக, கேக் வெட்டுவது போலப் பிரித்து வண்ணம் தீட்டினால் வண்ணங்கள் கண்ணுக்குள் கலக்கும். பாதி மஞ்சள், பாதி நீலம் தீட்டிக் குழந்தையிடம், சுழற்றினால் என்ன நிறம் வரும் என்று கேளுங்கள். பச்சை என்று சொல்லும். வண்ணப் பெட்டியில் அப்படித்தானே பழகியிருக்கிறது. சுழற்றினால் பச்சை வராது, சாம்பல் போன்ற ஒரு நிறம்தான் வரும். வண்ணப் பொடிகளைக் கலப்பதும் ஒளியைக் கலப்பதும் வேறு வேறு. இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1855-ல் வெளியிட்ட நிறப் பரிசோதனைகளைச் செய்தது ஒரு பம்பரத்தில்தான். வண்ணக் காகித வட்டங்களை ஆரத்தின் வழியாக ஒரு கீறல் கீறி, ஒன்றுக்குள் ஒன்று செருகி, எந்த வண்ணம் எவ்வளவு தெரிய வேண்டும் என்று நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். விளிம்பில் நூறு பாகமாகப் பிரித்த அளவுகோல். மனிதக் கண்ணுக்குத் தெரியும் நிறங்களைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றின் கலவையாகக் கணக்கிட முடியும் என்று அதிலிருந்து காட்டினார்.

இதைப் பரிசில் அப்படியே பயன்படுத்தலாம். பம்பரத்தின் மேல்முகத்தைச் சமதளமாகவும் வெள்ளையாகவும் விட்டுவிடுங்கள். தண்டில் செருகும்படி நடுவில் துளையிட்ட கெட்டி அட்டை வட்டங்கள் பத்து வெட்டி, இரண்டில் மட்டும் நீங்கள் கோலம் போட்டு, எட்டை வெறுமையாக விட்டு, நான்கு ஸ்கெட்ச் பேனாவோடு பெட்டியில் வையுங்கள். குழந்தை தானே தீட்டித் தானே சுழற்றும். நான் கொடுத்த பம்பரங்களில் பளபளவென்று இருந்தவை இன்று எங்கே என்று தெரியவில்லை. அட்டை வட்டம் வைத்துக் கொடுத்தவை மட்டும் இன்னும் கைகளில் இருக்கின்றன.

நீங்கள் கோலம் போடும் அந்த இரண்டு அட்டை வட்டங்களில் ஒன்று பென்ஹாம் வட்டமாக இருக்கட்டும். சார்ல்ஸ் பென்ஹாம் 1894-ல் ‘செயற்கை நிறமாலைப் பம்பரம்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது அது. வட்டத்தின் ஒரு பாதி முழுக் கறுப்பு. வெள்ளைப் பாதியை நான்கு சம துண்டாக, ஒவ்வொன்றும் 45 பாகையாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் மையத்தைச் சுற்றிய மும்மூன்று மெல்லிய கறுப்பு வில்கோடுகள். துண்டுக்குத் துண்டு மையத்திலிருந்து தள்ளித் தள்ளி. கறுப்பு மையைத் தவிர வேறு மை இல்லை. சுழற்றினால் செம்பழுப்பு, பச்சை, நீலம் என்று மங்கலான வண்ண வளையங்கள் தோன்றும். எதிர்த் திசையில் சுழற்றினால் வண்ணங்களின் வரிசை தலைகீழாகும். விழித்திரையின் வெவ்வேறு செல்கள் வெவ்வேறு வேகத்தில் ஒளிக்குப் பதில் சொல்வதுதான் காரணம் என்கிறார்கள். முழு விளக்கத்தில் இன்னும் விவாதம் இருக்கிறது. கவனிக்க வேண்டியது, அந்த வண்ணங்கள் அதிவேகத்தில் தெரியாது. விநாடிக்கு ஐந்து முதல் பத்துச் சுற்று என்று வேகம் தளரும்போதுதான் தெரியும். உயரமான பம்பரம் அந்த வேகத்துக்கு வருமுன்னே விழுந்துவிடும். தாழ்வாக, அகலமாகக் கடையுங்கள் என்று முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வயது பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு விரல் பம்பரம் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். பொம்மைப் பாதுகாப்பு விதிகளில் சிறு பொருள் சோதனை என்று ஒன்று உண்டு: 31.7 மில்லிமீட்டர் விட்டமும், சாய்வான அடியால் 25.4 முதல் 57.1 மில்லிமீட்டர் வரை ஆழமும் உள்ள உருளைக்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது, தொண்டையில் அடைக்கும். 45 மில்லிமீட்டர் தட்டு அதில் அடங்காது, உண்மைதான். ஆனால் தண்டு ஒடிந்தால் அந்தத் துண்டு அடங்கும். தண்டு நட்டுக்கொண்டு நிற்கும் பொருளின் மேல் குழந்தை விழுந்தாலும் ஆபத்து. பூச்சைப் பொறுத்தவரை ஷெல்லாக்கே போதும். மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேலே பூசப்படும், ஈ904 என்று எண் கொடுக்கப்பட்ட அதே அரக்குதான். வண்ணம் வாங்கும்போது பொம்மைகளுக்கான ஈஎன் 71-3 தர எண் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஈயம், காட்மியம் போன்றவை வண்ணத்திலிருந்து எவ்வளவு கசியலாம் என்பதற்கான வரம்பு அது. ஆளி விதை எண்ணெய் பூசுவதானால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது நீரில் நனைத்துவிடுங்கள்.

பெரிய பிள்ளைகள் சாட்டைப் பம்பரம் கேட்டால், ஆணித் துளையை லேத்தில் இருக்கும்போதே டெயில் ஸ்டாக்கில் துரப்பணம் மாட்டிப் போடுங்கள். கையால் அடித்த ஆணி மையத்தில் இறங்கவே இறங்காது. துளை ஆணியைவிடச் சற்றே குறைவாக இருக்கட்டும், இல்லையென்றால் மரம் பிளக்கும். வெளியே நீட்டும் ஆணியை வெட்டி, முனையை அரத்தால் உருட்டிவிடுங்கள். சாட்டை படியும் சரிவில் வரிவரியாகப் பள்ளம் வெட்டினால் கயிறு நழுவாது. இதை அலங்கரித்து மெனக்கெட வேண்டாம், ஒரே நாளில் மண்ணில் உரிந்துவிடும்.

குடும்பத்தில் கல்லூரிப் படிப்பில் இருப்பவர் யாராவது இருந்தால் அவருக்குத் தலைகீழாகும் பம்பரம் கடைந்து கொடுங்கள். உருண்டையின் மேல்பகுதியைச் சீவி, உள்ளே குடைந்து, நடுவில் குட்டைத் தண்டு வைத்தது. சுழற்றினால் சாய்ந்து சாய்ந்து, கடைசியில் தண்டின் மேலேயே எழுந்து நின்று சுற்றும். ஸ்வீடனின் லுண்ட் நகரில் நீல்ஸ் போரும் வொல்ஃப்காங் பவுலியும் குனிந்து தரையில் இதை விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் படம் ஒன்று 1950-களில் எடுக்கப்பட்டது; இயற்பியலில் நோபல் பரிசு வாங்கிய இருவரும் பிள்ளைகள் மாதிரி நிற்கிறார்கள். கடையும்போது நினைவில் வைக்க வேண்டியது, எடையின் மையம் உருண்டையின் மையத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும் என்பது. அதற்காகத்தான் மேலே குடைவது. தண்டின் நுனியை நன்றாக உருட்டிவிடுங்கள், பின்னால் அதுதானே கால். ஒன்றிரண்டு துண்டாவது வீணாகும், கணக்கில் வையுங்கள்.

இருபதையும் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்காதீர்கள். எல்லாத் துண்டையும் ஒரே நாளில் உருளையாக்குங்கள், மறுநாள் எல்லாத் தண்டும், பிறகு எல்லா மேல்முகமும். எனக்கு முதல் பம்பரத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது, கடைசிப் பம்பரத்துக்குப் பத்து நிமிடம். இருபதுக்கு இருபத்தைந்து துண்டு வெட்டி வையுங்கள். கொடுக்கும் பெட்டியில் 150 மில்லிமீட்டர் அகலமுள்ள லேசாகக் குழிந்த தட்டு ஒன்றும் வைத்தால் பம்பரம் மேசையை விட்டு ஓடாமல் தானாக நடுவுக்கு வந்துவிடும். அதே லேத்தில் மிச்சப் பலகையில் கடைந்துகொள்ளலாம். அடிப்பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதிவிடுங்கள். சில மாதம் கழித்து, பம்பரம் முன்னைப்போல் நிற்கவில்லை என்று யாராவது கொண்டுவந்தால் முனை தட்டையாகியிருக்கும். நைஸான உப்புத்தாளை உள்ளங்கையில் குழித்துப் பிடித்து அதில் முனையை வைத்து, தண்டை இருபது தடவை உருட்டிக் கொடுங்கள், சரியாகிவிடும்.